'சிம்'மில் வை, 'பேக் பர்னரில்' வை: சாப்பாட்டு வீடியோ பார்த்தா இங்கிலீஷ் வருமா?

அலுவலகக் கூட்டத்தில் மேனேஜர், "இந்த வேலையை இப்போதைக்கு பேக் பர்னர்ல வைப்போம்" என்கிறார். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவரும் ஆட்டுகிறார். அவருக்கு பேக் தெரியும், பர்னரும் தெரியும். இரண்டும் சேர்ந்தால் என்ன என்பதுதான் தெரியவில்லை. உடனே முடிக்கச் சொல்கிறாரா, விட்டுவிடச் சொல்கிறாரா?

நம் வீட்டு கேஸ் ஸ்டவ்வில் பெரும்பாலும் இரண்டு பர்னர்தான், அதுவும் பக்கத்தில் பக்கத்தில். மேல்நாட்டு வீடுகளில் நான்கு பர்னர் அடுப்பு சாதாரணம்: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. கிளறிக்கொண்டே இருக்க வேண்டிய பண்டம் முன்னால் இருக்கும். அவசரமில்லாத சூப், பின் பர்னரில் சின்னத் தீயில் அதுபாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும். ஒரு வேலையை 'பேக் பர்னரில்' வைப்பது என்றால் கைவிடுவது இல்லை, இப்போதைக்குத் தள்ளி வைப்பது. வெளிநாட்டுச் சமையல் வீடியோக்களைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்த அடுப்பையே கண்ணால் பார்த்திருப்பார்.

இப்படி இன்னும் நிறைய உண்டு. சரியாக யோசிக்காத திட்டம் 'ஹாஃப் பேக்டு'. நீண்ட விவாதத்தின் சாரத்தைக் கேட்க 'வாட் டஸ் இட் பாயில் டவுன் டு?'. தலைக்கு மேல் வேலை இருப்பவர் 'ஐ ஹேவ் டூ மச் ஆன் மை பிளேட்' என்பார். கசப்பான விஷயத்தை இனிப்புத் தடவிச் சொல்லாதே என்பதற்கு 'டோன்ட் ஷுகர்கோட் இட்'. ஆபீஸ் இங்கிலீஷில் அடுப்படி வாசம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கிறது.

பள்ளிக்கூடம் இதைச் சொல்லித் தரவில்லை. தமிழ் மீடியத்தில் படித்து வேலைக்கு வந்த பலருக்கு 'ஆஸ்மாசிஸ்' என்றால் என்னவென்று தெரியும். சோறு வடிக்கும் வடிதட்டுக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று கேட்டால் முழிப்பார்கள். ('கோலண்டர்' என்பார்கள்.) கேன்டீனில் வெளிமாநில நண்பர், "உங்க டப்பால இருக்கிறது என்ன, எப்படிச் செய்யறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டால், புராஜெக்ட் பிரசன்டேஷனைச் சமாளித்தவரே திணறுகிறார்.

அதனால்தானோ என்னவோ, இரவுச் சாப்பாடு முடிந்ததும் கை தானாகவே போனுக்குப் போகிறது. பாங்காக் தெருக்கடை, இஸ்தான்புல் கபாப், டோக்கியோ ராமென் என்று ஒவ்வொன்றாக ஓடுகிறது. "சும்மா டைம்பாஸ் இல்ல, இங்கிலீஷும் வருதுல்ல" என்று மனசுக்கு ஒரு சமாதானம். அது பாதி உண்மை. எந்தப் பாதி என்பதை மொழி கற்றல் ஆய்வுகள் ஓரளவு தெளிவாகவே சொல்கின்றன.

கை செய்வதை வாய் சொல்கிறது

செய்தி வாசிப்பவர் 'இன்ஃப்ளேஷன்' என்று சொல்லும்போது திரையில் பணவீக்கம் தெரிவதில்லை. சமையல்காரர் 'டிரிசில்' என்று சொல்லும்போது எண்ணெய் நூல்போல இறங்குவது தெரிகிறது. 'ஸ்பிரிங்கிள்' என்றால் விரல் நுனியில் உப்பு தூவுகிறது. 'ஃபோல்டு இட் இன்' என்றால் கரண்டி மாவை அடியிலிருந்து மேலே மெதுவாகப் புரட்டுகிறது. சொல்லும் செயலும் ஒரே நொடியில் வருகின்றன. ஒரு விஷயம் சொல்லாகவும் படமாகவும் மனதில் பதிந்தால் நினைவில் நிற்கும் வாய்ப்பு அதிகம் என்று கனடிய உளவியலாளர் ஆலன் பைவியோ 1971-ல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். இரட்டைக் குறியாக்கம் என்று பெயர். சமையல் வீடியோ அதற்கு அச்சு அசலான உதாரணம்.

தமிழ் பேசுபவருக்கு இதில் கூடுதல் வசதி ஒன்று இருக்கிறது. சமையல் வினைச்சொற்களில் தமிழ் ஏழை இல்லை. வதக்குவது வேறு, வறுப்பது வேறு, பொரிப்பது வேறு, வாட்டுவது வேறு. நாம் படித்த இங்கிலீஷில் இவை பெரும்பாலும் 'ஃப்ரை' என்ற ஒரே சொல்லுக்குள் அடைந்துகிடந்தன. வீடியோவைப் பார்க்கும்போதுதான் கதவு திறக்கிறது: கொஞ்சம் எண்ணெயில் வெங்காயத்தை வதக்குவது 'சாட்டே'. அப்பளம் மூழ்கப் பொரிவது 'டீப் ஃப்ரை'. எண்ணெயே இல்லாமல் மல்லியை வறுப்பது 'டிரை ரோஸ்ட்'. கருத்து ஏற்கெனவே தலைக்குள் இருக்கிறது, அதற்குப் பெயர் மட்டும்தான் புதிது. இப்படி வரும் சொல் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

'சிம்மர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். லேசாகக் குமிழி விட்டபடி, பொங்காமல், மெதுவாகக் கொதிப்பது. "குழம்பை சிம்ல வை" என்று எல்லா வீட்டிலும் சொல்கிறோமே, அந்த 'சிம்' இதுதான். ஸ்டவ் குமிழில் 'சிம்மர்' என்பதைச் சுருக்கி எழுதியிருந்தார்கள், அது அப்படியே வீட்டுத் தமிழாகிவிட்டது. போனில் போடும் சிம்முக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதே சொல் செய்தித்தாளிலும் வரும்: இரண்டு நாடுகளுக்கிடையே 'சிம்மரிங் டென்ஷன்' என்றால் சண்டை வெடிக்கவில்லை, உள்ளே கொதித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அடுப்பில் பார்த்தவருக்கு அரசியல் செய்தியும் புரியும்.

எல்லாச் சொல்லும் இவ்வளவு சமத்தாக வந்து உட்காராது. 'டூ க்ளோவ்ஸ் ஆஃப் கார்லிக்' என்பதைக் கேட்டு இரண்டு கிராம்பைத் தேடக் கூடாது. அது இரண்டு பல் பூண்டு. கிராம்புக்கும் 'க்ளோவ்' என்றே பெயர் இருப்பதால் வரும் குழப்பம். நாம் பூண்டுக்குப் பல், கறிவேப்பிலைக்கு இணுக்கு, கீரைக்குக் கட்டு என்று சொல்வதுபோல, அங்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்: 'எ ஸ்பிரிக் ஆஃப் கறி லீவ்ஸ்', 'எ பன்ச் ஆஃப் கொரியாண்டர்', 'எ பிஞ்ச் ஆஃப் சால்ட்'. தனிச் சொல்லாக எழுதி மனப்பாடம் செய்தால் இது பிடிபடாது. சேர்ந்து வரும் சொற்களைச் சேர்த்தே பிடிக்க வேண்டும்.

'ஹாட்' இன்னொரு தொல்லை. தமிழில் சூடு வேறு, காரம் வேறு. இங்கிலீஷில் இரண்டுக்கும் அதே சொல். அதனால்தான் ஃபுட் வ்லாகர்கள் ஒரு வாய் வைத்துவிட்டு, 'ஹாட்' என்று கத்தியபிறகு, 'ஸ்பைசி ஹாட்' என்றோ 'டெம்பரேச்சர் ஹாட்' என்றோ விளக்கம் கொடுக்கிறார்கள். மறுபக்கம், நாவல்பழமும் வாழைப்பூவும் தரும் துவர்ப்புக்கு நம்மிடம் அன்றாடச் சொல் இருக்கிறது. இங்கிலீஷில் 'ஆஸ்ட்ரிஞ்சன்ட்' என்று ஒன்று உண்டு. வீட்டுப் பேச்சில் அது அதிகம் புழங்குவதில்லை.

எத்தனை சொல் தெரிந்தால் போதும்?

ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராஜர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009-ல் 88 ஆங்கில டிவி நிகழ்ச்சிகளின் சொற்களை எண்ணிப் பார்த்தார்கள். ஆள், ஊர்ப் பெயர்களைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டால், மிக அதிகமாகப் புழங்கும் 3,000 சொற்குடும்பங்கள் தெரிந்தாலே காதில் விழுவதில் 95 சதவீதம் தெரிந்த சொல்லாக இருக்கும். 98 சதவீதத்தைத் தொட 7,000 வேண்டும்.

சொற்குடும்பம் என்றால் 'குக்', 'குக்ஸ்', 'குக்டு', 'குக்கிங்', 'குக்கர்' எல்லாம் சேர்ந்து ஒன்று. (பிரிட்டனில் 'குக்கர்' என்றால் விசில் அடிக்கும் பாத்திரம் இல்லை, அடுப்பு!) பன்னிரண்டாவது வரை ஆங்கிலத்தை ஒரு பாடமாகவாவது படித்தவருக்கு இதில் கணிசமான பகுதி ஏற்கெனவே கண்ணால் பார்த்துப் பழகியதாக இருக்கும். காதால் பிடிப்பதும் வாயில் வருவதும்தான் பாக்கி.

95 சதவீதம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இருபது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் போகும். வேகமாகப் பேசும் ஆளிடம் அது சில நொடிக்கு ஒரு முறை. இந்த இடத்தில் சமையல் வீடியோவின் குணம் கைகொடுக்கிறது: அது திரும்பத் திரும்ப ஒரே சொற்களைச் சொல்லும். நறுக்கு, கலக்கு, ஊற்று, மூடி வை, வடி என்ற வினைகளை விட்டுச் சமையல் எங்கும் ஓடிப்போக முடியாது. ஒரு புதுச் சொல் ஒருமுறை காதில் பட்டால் நிற்காது, பல தடவை பட வேண்டும் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய தகராறு இல்லை. ஆகவே இன்று கொரியன், நாளை மெக்சிகன், மறுநாள் ஏதோ சர்வைவல் சேனல் என்று தாவுவதைவிட, ஒரே சேனலின், ஒரே மாதிரி நிகழ்ச்சியின் பத்துப் பகுதிகளைத் தொடர்ந்து பார்ப்பது பலன் தரும். பேசுபவரின் உச்சரிப்பும் பழகிவிடும். 'மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியா'வை சீசன் சீசனாகப் பார்த்தவர்களுக்கு, ஆஸ்திரேலியர் பேசும் ஆங்கிலம் பிறகு அவ்வளவு அந்நியமாகத் தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம்.

முப்பது நொடி ரீல்ஸ் இந்தக் கணக்கில் வராது. பெரும்பாலானவற்றில் பேச்சே கிடையாது. மேலே ஒரு பாட்டு, கீழே இரண்டு வரி எழுத்து. பசி வரும், மொழி வராது.

பார்த்தால் புரிகிறது, அதுதான் பிரச்சினை

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து வரும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழ் யூடியூப் சேனல்களில் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது அதுதான். பார்ப்பவர்களில் தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாதவர்கள் ஏராளம். தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் மசாலாவை அம்மியில் அரைப்பதும், அண்டாவில் கிளறுவதும் புரிய மொழி எதற்கு? 'இன்னைக்கு ஒரு புடி' என்ற மூன்று சொல் அவர்களில் பலருக்கு வந்திருக்கலாம். அதற்கு மேல் தமிழ் வந்திருக்கிறதா என்றால், இல்லை.

இதைத் திருப்பிப் போட்டால் நம் நிலைமை. சமையல் வீடியோ காதை மூடிக்கொண்டு பார்த்தாலும் புரியும். அதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். கண் வேலையை முடித்துவிட்டால் காது தூங்கப் போய்விடும். வெங்காயம் பொன்னிறமாவது தெரிகிறது, 'அன்டில் தே டர்ன் கோல்டன் பிரவுன்' என்ற தொடர் காதில் விழுகிறதே தவிர உள்ளே போவதில்லை. மாதக்கணக்கில் பார்த்த ஒருவர், "எல்லாம் புரியுது, ஆனா பேச வரல" என்று சொல்வது இதனால்தான்.

கனடாவில் இந்தக் குறை பெரிய அளவில் கண்ணில் பட்டது. வீட்டில் இங்கிலீஷ் பேசும் பிள்ளைகளைப் பிரெஞ்சு வழியில் பாடம் படிக்க வைத்தார்கள். கணக்கு, அறிவியல் எல்லாம் பிரெஞ்சில். சில ஆண்டுகளில் பிள்ளைகள் பிரெஞ்சைக் கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில் அசத்தினார்கள். பேசும்போதும் எழுதும்போதும் மட்டும் பிழைகள் விடவில்லை. இதை ஆராய்ந்த மெரில் ஸ்வைன் 1985-ல் சொன்னது: கேட்பது மட்டும் போதாது, தானே சொல்லிப் பார்க்கும்போதுதான் எங்கே இடறுகிறோம் என்று தெரியும். பள்ளி நேரத்தில் பெரும்பகுதி பிரெஞ்சில் மூழ்கிக் கிடந்த பிள்ளைகளுக்கே இதுதான் கதி என்றால், சோபாவில் சாய்ந்து ஒரு மணி நேரம் பார்ப்பவர் தன்னைத் திட்டிக்கொள்ளத் தேவையில்லை. மூளை மந்தம் இல்லை. பயிற்சியில்தான் ஒரு பகுதி விட்டுப்போயிருக்கிறது.

சொல்வளம் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன், மொழிப் பயிற்சி நேரத்தை நான்காகப் பிரிக்கச் சொல்கிறார். கேட்டும் படித்தும் அறிவது ஒரு பங்கு. பேசுவதும் எழுதுவதும் ஒரு பங்கு. சொல்லையும் இலக்கணத்தையும் கவனம் வைத்துக் கற்பது இன்னொன்று. தெரிந்ததையே தடங்கலின்றி வேகமாகப் புழங்கிப் பழகுவது நான்காவது. இந்தக் கணக்கில் வீடியோ பார்ப்பது முதல் பங்கில் வரும், அதாவது கால்வாசி.

தமிழ் சப்டைட்டிலா, இங்கிலீஷ் சப்டைட்டிலா?

கதை புரிய வேண்டுமென்றால் தமிழ். காது பழக வேண்டுமென்றால் இங்கிலீஷ்.

இது வெறும் அபிப்பிராயம் இல்லை. ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்வீன் என்ற ஆய்வாளர்கள் 2009-ல் நெதர்லாந்து மாணவர்களுக்கு ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்பில் படக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். சிலருக்கு இங்கிலீஷ் சப்டைட்டில், சிலருக்கு அவர்கள் தாய்மொழியான டச்சு சப்டைட்டில், சிலருக்கு ஒன்றும் இல்லை. பிறகு அதே ஆட்கள் பேசிய புதிய வசனங்களை ஒலியாக மட்டும் கேட்கவைத்து, திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். இங்கிலீஷ் எழுத்தோடு பார்த்தவர்கள் நன்றாகச் சொன்னார்கள். டச்சு எழுத்தோடு பார்த்தவர்களோ, சப்டைட்டிலே இல்லாமல் பார்த்தவர்களைவிடப் பின்தங்கினார்கள். தாய்மொழி எழுத்து கண்ணுக்குக் கிடைத்ததும் காதின் கவனம் பிசகிவிட்டது.

யூடியூப்பில் இருப்பது பல நேரம் தானியங்கி கேப்ஷன். பேசுபவர் தெளிவாகப் பேசினால் பரவாயில்லாமல் எழுதும். இந்திய ஊர்ப் பெயரோ பலகாரப் பெயரோ வந்தால் ஏதாவது ஒன்றை உளறிவைக்கும். அதை நம்பி எழுத்துக்கூட்டு கற்றுக்கொள்ள வேண்டாம். வேகம் அதிகமாகப் பட்டால் செட்டிங்ஸில் 0.75 என்று குறைத்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே போனால் குரல் இழுபட்டு, இயல்பான பேச்சின் தாளமே போய்விடும். திரையின் இடப்பக்கம் இரண்டு தட்டுத் தட்டினால் பத்து நொடி பின்னால் போகும். பலரும் சலித்துப்போய் முன்னால் தள்ளத்தான் இதே வசதியை வலப்பக்கம் பயன்படுத்துகிறார்கள்.

சத்தத்தை அணைத்துவிட்டுப் பேசுங்க

இருபது நிமிட வீடியோவில் நான்கு நிமிடம் போதும். முதலில் கேப்ஷன் இல்லாமல் ஒருமுறை, பிறகு இங்கிலீஷ் கேப்ஷனோடு ஒருமுறை. புதிதாகப் பட்டதில் ஐந்து தொடர்களை மட்டும் எழுதிக்கொள்ளலாம். ஐம்பது எழுதினால் நோட்டு நிறையும், அவ்வளவுதான். எழுதுவதைத் தொடராகவே எழுத வேண்டும்: 'டிரெய்ன்' என்று தனியாக இல்லை, 'டிரெய்ன் த ரைஸ்' என்று.

மூன்றாவது முறை சத்தத்தை முழுக்க அணைத்துவிட வேண்டும். படம் ஓட ஓட, அந்தச் சமையல்காரருக்குப் பதிலாக நாமே இங்கிலீஷில் சொல்ல வேண்டும். முதல் நாள் பரிதாபமாக இருக்கும். 'நவ்... ஹீ இஸ்... புட்டிங்... ஆனியன்' என்பதைத் தாண்டாது. பரவாயில்லை. எங்கே சொல் கிடைக்காமல் நின்றதோ, அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சத்தம் வைத்துக் கேட்டால், காது இம்முறை தூங்காது. தேடிக்கொண்டிருந்த சொல் அல்லவா!

இதையே அடுத்தகட்டமாக நம் சமையலுக்குக் கொண்டுபோகலாம். ஹாஸ்டலிலோ வாடகை அறையிலோ ரசம் வைக்கும்போது வாய்விட்டு: 'சோக் த டேமரிண்ட் இன் வார்ம் வாட்டர்', 'ஸ்குவீஸ் அவுட் த ஜூஸ்', 'க்ரஷ் த பெப்பர் அண்ட் கார்லிக்', 'வென் இட் ஃப்ரோத்ஸ் அப், டர்ன் ஆஃப் த ஹீட்'. நுரை கட்டி வரும்போது இறக்கு என்று அம்மா சொன்னதுதான் அந்தக் கடைசித் தொடர். தாளிப்பதற்கு இந்திய ஆங்கிலத்தில் 'டெம்பரிங்' என்போம். வெளிநாட்டவர் பலருக்கு அந்தச் சொல் சாக்லேட்டைப் பதப்படுத்துவதை நினைவூட்டும். அங்கிருந்து வரும் வீடியோக்களில் 'ப்ளூம் த ஸ்பைசஸ் இன் ஹாட் ஆயில்' என்று கேட்கலாம். எண்ணெயில் மசாலாவின் வாசனை மலர்கிறதாம். அட, நல்லாத்தான் இருக்கு.

மறுநாள் வீடியோவைத் திறக்காமல், நோட்டையும் பார்க்காமல், அந்த ஐந்தையும் ஞாபகத்திலிருந்து சொல்லிப் பார்ப்பதுதான் முக்கியமான கட்டம். ரோடிகர், கார்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006-ல் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு பாடத்தை இரண்டு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னணி: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். திரும்பப் படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது "இது தெரியுமே" என்று தோன்றுவது அந்த ஐந்து நிமிட மயக்கம்தான்.

ஊர் சுற்றும் வீடியோவில் என்ன தேறும்?

பயண வீடியோ வேறு ஜாதி. சமையல் வீடியோவில் வினைச்சொல் குவியும். பயண வீடியோவில் உரையாடல் கிடைக்கும், அதுவும் சரியான இடத்தைப் பார்த்தால் மட்டும். மலையுச்சியில் நின்று 'இட்ஸ் ப்ரெத்டேக்கிங்' என்று பெருமூச்சு விடும் காட்சியால் பெரிய லாபம் இல்லை. விமான நிலையத்தில் பெட்டி வரவில்லை என்று கவுன்டரில் பேசுவது, ஹோட்டலில் 'அர்லி செக்-இன்' கேட்பது, சந்தையில் 'கேன் யூ கம் டவுன் எ லிட்டில்?' என்று பேரம் பேசுவது, இவைதான் பிறகு உண்மையிலேயே நம் வாயில் வரவேண்டிய தொடர்கள். முதல் ஆன்சைட் பயணத்துக்குக் கிளம்பும் ஆளுக்கு 'லேஓவர்', 'கனெக்டிங் ஃப்ளைட்', 'பேகேஜ் கரோசல்' எல்லாம் டிக்கெட்டிலும் அறிவிப்பிலும் திடீரென்று மோதுவதைவிட, முன்பே ஒருமுறை கண்ணால் பார்த்திருப்பது நிம்மதி.

சில இடங்களில் நமக்குத் தெரிந்த இங்கிலீஷே காலை வாரும். நம் ஊரில் ஹோட்டல் என்றால் இட்லி கிடைக்கும் இடம். வெளிநாட்டில் தங்கும் இடம். பசியோடு வழி கேட்டால் ரிசப்ஷனில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். 'பார்சல்' என்று கேட்டால் கூரியர் என்று நினைப்பார்கள். பிரிட்டனில் 'டேக்அவே', அமெரிக்காவில் 'டு கோ'. சாப்பிட்டு முடித்ததும் லண்டனில் 'பில்', நியூயார்க்கில் 'செக்'. கத்தரிக்காய் நமக்கு 'பிரிஞ்சால்', பிரிட்டிஷாருக்கு 'ஆபர்ஜின்', அமெரிக்கருக்கு 'எக்பிளான்ட்'. கொத்தமல்லித் தழை அமெரிக்காவில் 'சிலான்ட்ரோ'. 'ஆன்ட்ரே' என்று மெனுவில் பார்த்தால் எந்த நாடு என்று பார்க்க வேண்டும்: அமெரிக்காவில் அது முக்கிய உணவு, ஆஸ்திரேலியாவில் தொடக்க உணவு.

இதில் நம்முடையது 'தப்பு' என்று கூனிக்குறுகத் தேவையில்லை. இந்திய ஆங்கிலமும் ஆங்கிலம்தான், எந்த ஊரில் எதைச் சொன்னால் எடுபடும் என்பது மட்டுமே கேள்வி. இந்தக் கொடுக்கல் வாங்கலில் தமிழ் கடனாளியும் இல்லை. மிளகுத் தண்ணீர் 'மல்லிகடாவ்னி' ஆகி ஆங்கிலேயரின் சூப் கிண்ணத்துக்குப் போனது. கட்டுமரம் 'கட்டமரான்' ஆனது, சுருட்டு 'ஷெரூட்' ஆனது. 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இப்படிப்பட்ட சொற்களால் நிறைந்தது.

உச்சரிப்பு விஷயத்தில்தான் வீடியோ புத்தகத்தை முழுசாக ஜெயிக்கிறது. எழுத்தைப் பார்த்துப் படித்தவர்கள் 'சால்மன்' மீனில் 'ல்' சேர்ப்பார்கள், கேட்டவர்கள் 'சாமன்' என்பார்கள். 'ரிசீட்'டில் எழுதப்படும் ஓர் எழுத்து ஒலிப்பதே இல்லை. அதோடு பார்வைக்கு ஒத்திருக்கும் சமையல் குறிப்போ 'ரெசிபி', மூன்று அசை. பஃபெட் என்று எழுதியிருப்பது சாப்பாட்டு மேசையில் 'பஃபே'. பாலைவனத்துக்கு அழுத்தம் முன்னால், சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்புக்கு அழுத்தம் பின்னால்: 'டெஸர்ட்', 'டிஸர்ட்'. இதையெல்லாம் விதியாகப் படித்தால் தலை சுற்றும், நாலு தடவை கேட்டால் நாக்குக்குத் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. வ்லாகர்களின் சொல்வளம் வினைகளில் செழிப்பு, வர்ணனையில் வறட்சி. எதைத் தின்றாலும் 'அமேசிங்', எதைப் பார்த்தாலும் 'இன்சேன்'. அந்தப் பழக்கம் கிளையன்ட்டுக்கு எழுதும் மெயிலில் எட்டிப்பார்த்தால் நன்றாக இருக்காது. மாற்றுக்கு, மறைந்த அந்தோனி போர்டெய்னின் 'பார்ட்ஸ் அன்னோன்' மாதிரி எழுதிவைத்துப் பேசும் நிகழ்ச்சிகளைக் கொஞ்சம் பழகலாம். சொற்கள் கடினம்தான், ஆனால் வாக்கியம் எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரியும். அல்லது ருசியை நுணுக்கமாகச் சொல்லும் ஆட்களைத் தேடலாம்: 'டாங்கி' என்றால் புளிப்பில் ஒரு சுறுக், 'க்ரஞ்சி' வேறு 'க்ரிஸ்பி' வேறு. முறுக்கு க்ரஞ்சி, ரவா தோசை ஓரம் க்ரிஸ்பி.

இவ்வளவும் சேர்ந்து எப்போது சோதனைக்கு வரும் என்றால், கேன்டீன் மேசையில்தான். டப்பாவில் முருங்கைக்காய் சாம்பார். எதிரில் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும், சைவம் மட்டும் சாப்பிடும் சக ஊழியர். "வாட் இஸ் திஸ்?" என்கிறார். "டிரம்ஸ்டிக்" என்று சொன்னதும் அவர் முகம் மாறுகிறது. அவர் ஊரில் டிரம்ஸ்டிக் என்றால் கோழிக்கால். அப்போது கைகொடுப்பது அகராதி இல்லை, கிளறும்போதும் உரிக்கும்போதும் கேட்டுப் பழகிய சாதாரணச் சொற்கள்: "நோ நோ, இட்ஸ் எ வெஜிடபிள். எ லாங் கிரீன் பாட். யூ சூ இட், ஈட் த சாஃப்ட் பல்ப், அண்ட் லீவ் த ஃபைபர் ஆன் த சைடு ஆஃப் யுவர் பிளேட்." அவர் ஒரு துண்டு எடுத்து, கொஞ்சம் சந்தேகத்தோடு கடித்துப் பார்க்கிறார்.